கம்பம் மெட்டு ஜீப்புக்கு எஃப்.சி.

கம்பம்,
12.5.2025

அன்புள்ள மாமாவுக்கு யுவராணி எழுதுவது. இங்கே நானும் நம் ஹேமாவும் சுகம். அங்கே உங்களுக்குக் கை நடுக்கம் குறைந்ததா, சோறு இறங்குகிறதா என்று எழுதவும். மீட்பு இல்லத்தில் ஆறு மாதத்துக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று ஜெபஷீலா சிஸ்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் மளிகைச் சீட்டு மட்டும்தான். இப்போது பாருங்கள், தபால்தலை ஒட்டி எழுதுகிறேன்.

ஒரு பெரிய சேதி. நம் ஜீப்பை எஃப்.சி.க்குக் காட்டப் போகிறேன். நானேதான். போன வருஷம் வாங்கிய எஃப்.சி. ஜூன் முப்பதோடு முடிகிறது. அப்புறமும் வண்டி ரோட்டில் ஓடலாம் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டால்தான் மஞ்சள் போர்டுக்கு உயிர். இல்லையென்றால் இரும்புக் கடைதான். அந்தக் கடைக்காரர் நேற்றே வந்து, கோழி வாங்க வந்தவர் மாதிரி ஜீப்பை அங்கங்கே அமுக்கிப் பார்த்தார். வாளியோடு தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆளைக் காணவில்லை.

ஆகஸ்டில் மலை மேலே ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிடும். ஜீப் தயாராக இருந்தால் நம் ஆட்கள் பதினோரு பேரையும் ஏற்றிப் போகும் நடை நமக்கேதான் என்று எஸ்டேட் மேனேஜர் சொல்லிவிட்டார். அக்டோபர் கடைசியில் நீங்கள் வீட்டுக்கு வரும்போது ஜீப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நீங்கள் ஏறி ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு ஆசைதான் எனக்கு.

மார்ச் மாதக் கடைசியில் கம்பம் மெட்டு வளைவில் பிரேக் பிடிக்காமல் போனதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? இதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என் தொண்டையே கட்டிவிட்டது. முத்துப்பேச்சி அக்காவின் கால் முறிந்தது உங்கள் குடியால்தான் என்று அவர்களுடைய நாத்தனார் நடுத்தெருவில் பேச, நான் திருப்பிக் கொடுத்ததில் அந்த அம்மாள் இரண்டு நாள் வெளியே வரவில்லை. இனி அந்தப் பிரேக்கை முழுசாக மாற்றி, இன்ஸ்பெக்டர் கையெழுத்தோடு ஜீப்பைக் கொண்டுபோய் அந்த வாசலில் நிறுத்துகிறேனா இல்லையா, பாருங்கள்.

நான் பத்து வருஷம் கெஞ்சியும் கேட்காதவர், விபத்து நடந்த மூன்றாவது வாரமே தானாகப் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தீர்களே, அந்தச் சந்தோஷம்தான் எனக்கு இவ்வளவு தெம்பைக் கொடுத்திருக்கிறது. உடம்பைப் பேணிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் யுவராணி

*

மீட்பு இல்லம்,
20.5.2025

அன்புள்ள ராணிக்கு,

நான் நலம். நடுக்கம் பாதி நின்றுவிட்டது, இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும். நீயும் ஹேமாவும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ சொன்னால் செய்துவிடுவாய் என்று தெரியும், அதனால் தடுக்கப் போவதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி இறங்கியிருக்கும், சார்ஜ் போடு. ஹாரன் ஒயர் ஸ்டியரிங்குக்குக் கீழே விட்டுப்போகும், அழுத்தினால் ஆடு கத்துகிற மாதிரிதான் கேட்கும். இடது வைப்பர் வேலை செய்யாது. முதலுதவிப் பெட்டியில் பஞ்சுகூட இல்லை. பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் உரிந்துவிட்டது. கதவுப் பக்கம் கூடுதல் ஆளுக்காக நான் அடித்துப் போட்ட நீளப் பலகை சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடு. இன்ஸ்பெக்டர் அதைத்தான் முதலில் பார்ப்பார். எல்லாரும் அன்று சாயங்காலமே திரும்ப மாட்டிக்கொள்வதுதான்.

டயர் நான்கும் வழுக்கை. அதற்குக் கவலைப்படாதே. ஸ்டாண்டில் ஜேசுராஜ் அண்ணனிடம் நல்ல டயர் நான்கு இருக்கிறது. எஃப்.சி. வருகிற ஜீப்பெல்லாம் ஒரு நாளைக்கு அதைத்தான் மாட்டிக்கொண்டு போகும். என் பெயரைச் சொல்லிக் கேள், கொடுப்பார்.

ரேடியேட்டரும் முன் மட்கார்டும் கமால் பாய் பார்த்துக்கொள்வார். வேறென்ன, எல்லாம் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
தங்கப்பாண்டியன்

*

கம்பம்,
2.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் யுவராணி. நாங்கள் சுகம். ஹேமா பத்தாம் வகுப்பில் நன்றாக மார்க் எடுத்திருக்கிறாள், இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று பக்கத்திலேயே நின்றாள். எழுதிவிட்டேன், போய்விட்டாள். இனி நம் சேதி.

வண்டி ஓடிவிட்டது மாமா! கமால் பாய் ரேடியேட்டரை மாட்டி, மட்கார்டைத் தட்டி நிமிர்த்தி, பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து வைத்தார். சாவியை என்னிடம் கொடுத்து, "தங்கச்சி, ஒங்க வண்டி, நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். நான்கு முறை இருமியது. ஐந்தாவது முறை ஜீப் பிடித்துக்கொண்டது பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்சம் புகையாலும்தான்.

உங்களுக்கு ஞாபகமிருக்காது. கடமலைக்குண்டில் எங்கள் அப்பா ஜீப்பில் பழகி, கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவள் நான். கல்யாணமாகி இங்கே வந்ததும் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தது, அப்படியே கிடந்தது. அதைப் புதுப்பித்தாயிற்று. பைபாஸ் வரைக்கும் ஓட்டிப் போனேன். எதிரே வந்த பஸ் டிரைவர் என்னைப் பார்த்த பார்வையில் அவருடைய பஸ்ஸே லேசாக ஒதுங்கியது.

அந்தக் குஷியில் நேராகப் புகை டெஸ்ட் எடுக்கும் கடைக்குப் போய்விட்டேன். சைலன்சரில் குழாயைச் சொருகி, ஆக்சிலேட்டரை ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். எதிரே இட்லிக் கடை மறைந்துவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அக்கா, இது ஃபெயிலுன்னு சொல்ல மெஷினே வேணாம்" என்றாள். இட்லிக் கடைக்காரர் அந்த ஈட்டு இட்லியை என்னையே வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கினேன். டீசல் வாசத்தோடு நானும் ஹேமாவும் கமால் பாயும் சாப்பிட்டோம்.

புகைக்கு என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுதுங்கள். இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது.

அவசரத்துடன்,
யுவராணி

*

மீட்பு இல்லம்,
9.6.2025

அன்புள்ள ராணிக்கு,

நலம், நலமே வேண்டுகிறேன். ஹேமாவிடம் அப்பாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது என்று சொல்.

உன் கடிதம் இங்கே பெரிய பேச்சாகிவிட்டது. என்னோடு இருப்பவர்களில் நான்கு பேர் டிரைவர்கள். ஒருவர் லாரி, ஒருவர் ஆம்புலன்ஸ், இரண்டு பேர் ஆட்டோ. சாப்பிடும்போது உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். இட்லிக் கடை மறைந்த இடத்தில் ஜெபஷீலா சிஸ்டரே கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். புகை எதனால் என்பதில் நான்கு பேருக்கும் பெரிய சண்டை. லாரிக்காரர் டீசல் பீய்ச்சும் நாசில் என்கிறார், ஆம்புலன்ஸ்காரர் ஏர் ஃபில்டர் என்கிறார். இரண்டும்தான். நாசிலைக் கழற்றிச் சர்வீஸ் செய்து, பம்பைச் சரிவைத்து, ஃபில்டரை மாற்றச் சொல். புகை நின்றுவிடும்.

ஹாரனைச் சரிபார்த்தாயா? வைப்பர்? கண்ணாடி ஒன்று விரிசல் இருந்தது. இன்ஸ்பெக்டர் கேட்பதற்கு முன்னால் எல்லா லைட்டையும் ஒரு முறை போட்டுக் காட்டிவிடு, அவர்களுக்குப் பிடிக்கும்.

இங்கே எல்லாரும் ஜூன் முப்பதுக்காகக் காத்திருக்கிறோம்.

தங்கப்பாண்டியன்

*

கம்பம்,
23.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். மழை லேசாகப் பிடித்திருக்கிறது. உங்களுக்குப் போர்வை போதுமா?

புகை டெஸ்டில் பாஸ்! அதே கடை, அதே பெண். இந்த முறை குழாயைச் சொருகிவிட்டு மூன்றடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். ஏற்றினேன். இட்லிக் கடை அங்கேயேதான் இருந்தது. அச்சடித்து வந்த தாளை நான் ஆரத்தி மாதிரி எல்லாருக்கும் சுற்றிக் காட்டினேன். லாரிக்காரரிடமும் ஆம்புலன்ஸ்காரரிடமும் என் நன்றியைச் சொல்லுங்கள்.

பலகை சீட்டைக் கழற்றிவிட்டேன். ஹாரன் இப்போது கூடலூர் வரைக்கும் கேட்கும். வைப்பர் இரண்டும் ஆடுகிறது. ஸ்டிக்கர், பெட்டி, கண்ணாடி, தீயணைப்பான் எல்லாம் புதிது. கமால் பாயும் நானும் பெயின்ட் அடித்ததில் என் முழங்கையில் இன்னும் மஞ்சள் போகவில்லை, கல்யாணப் பெண்ணா என்று தெருவில் கேட்கிறார்கள். ஜேசுராஜ் அண்ணனும் டயரைக் கொடுத்துவிட்டார்.

பிரேக்கை முழுசாக மாற்றிவிடுங்கள் என்று பாயிடம் சொன்னேன். நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு சாமான்கூட வாங்கி வரச் சொல்லவில்லை. அப்படியே திரும்ப மாட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

சரி, இருக்கட்டும். முப்பதாம் தேதி காலை உத்தமபாளையம் ஆபீசில் வண்டியைக் காட்ட வேண்டும்.

யுவராணி

*

கம்பம்,
2.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால் தாமதம் என்று எடுத்துக்கொண்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

எஃப்.சி. கிடைக்கவில்லை. உங்கள் டயர் யோசனையால்தான். முழுசாகக் கேளுங்கள்.

முப்பதாம் தேதி எட்டரைக்கெல்லாம் மைதானத்தில் வரிசையில் நிற்கிறோம். முன்னால் ஏழு வண்டி. எல்லாத்திலும் ஆம்பளைகள். ஒல்லியாக, கண்ணாடி போட்ட இன்ஸ்பெக்டர். ஹாரன் அடிக்கச் சொன்னார், அடித்தேன், இரண்டு பேர் துள்ளினார்கள். லைட்டெல்லாம் நானே போட்டுக் காட்டினேன். நீங்கள் சொன்னது சரிதான், அவருக்குப் பிடித்திருந்தது. அப்புறம் டயரைப் பார்த்தார். புது டயர், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் ரோமம்கூடப் போகவில்லை. தலையாட்டினார். என் நெஞ்சில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. திடீரென்று போனில் டார்ச்சைப் போட்டு மட்கார்டுக்கு அடியில் படுத்துவிட்டார் மனிதர்.

ஜேசுராஜ் அண்ணன் டயரில் தன் பெயரை வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறார். திருட்டுப் போகாமல் இருக்க. கமால் பாய் அந்தப் பெயரை உள்பக்கம் திருப்பித்தான் மாட்டியிருந்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "ஏம்மா, ஆர்.சி.ல தங்கப்பாண்டியன்னு இருக்கு, டயர்ல ஜேசுராஜ்னு இருக்கு. வண்டி யாரோடது?" என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா. "சார், ஜேசுராஜ் எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன் முறை" என்றேன். அவர் சிரிக்காமல், "அப்படியா? போன மாசம் இதே அண்ணன் இன்னும் ரெண்டு ஜீப்புல வந்தாரே" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. பாய் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். இன்ஸ்பெக்டர் சொந்த டயரோடு பதினெட்டாம் தேதி வரச் சொல்லிவிட்டார். அதுவரை வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது. பிரேக் பார்க்கிற கட்டத்துக்கே போகவில்லை.

அங்கே வைத்துச் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன். அழுதுவிட்டு எங்கள் வேலுச்சாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். அப்பா ஜீப்புக்கென்று வாங்கி, ஓடாமலே போன டயர் நான்கு கடமலைக்குண்டு வீட்டுப் பரணில் இருக்கிறதாம். பஸ் கூரையில் ஏற்றி அனுப்புகிறேன் என்றது. விடமாட்டேன் மாமா.

யுவராணி

*

மீட்பு இல்லம்,
8.7.2025

அன்புள்ள ராணிக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். ஜூன் கடைசியில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

டயருக்கு என்னை மன்னித்துக்கொள். அண்ணன் முறை என்று நீ சொன்னதை இங்கே மூன்று முறை படிக்கச் சொன்னார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் சிரித்துப் புரையேறி வெளியே போனார். பதினெட்டாம் தேதி நிச்சயம் கிடைத்துவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

டயருக்குக் காற்றுச் சரியாக இருக்கட்டும். வேறு சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

தங்கப்பாண்டியன்

*

கம்பம்,
21.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தையும் வேண்டுகிறேன்.

கிடைத்துவிட்டது. எஃப்.சி. கிடைத்துவிட்டது! அடுத்த வருஷம் ஜூலை வரைக்கும் ஓடலாம். தாள் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹேமா ஜீப்புக்குத் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைத்தாள். ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். ஜேசுராஜ் அண்ணன் தன் டயரைத் தடவிப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

அன்று நடந்ததைக் கேளுங்கள். டயரில் பெயர் எதுவும் இல்லை என்று பார்த்ததும் இன்ஸ்பெக்டர் முதல் முறையாகச் சிரித்தார். என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மைதானத்தில் நாற்பதில் போகச் சொன்னார். "நான் டேஷ்போர்டைத் தட்டினதும் மிதிக்கணும்" என்றார். போனேன். தட்டினார். மிதித்தேன். ஜீப் அந்த இடத்திலேயே ஆணி அடித்த மாதிரி நின்றது. அவருடைய பேனா பறந்து கண்ணாடியில் மோதியது. கமால் பாய் ஓடிவந்தார். "பிரேக் பிரமாதமா இருக்கு, எப்ப வேலை பார்த்தீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பாய் தரையைப் பார்த்துக்கொண்டு, "போன வருச எஃப்.சி.க்குப் பார்த்ததுதான் சார். அதுக்கப்புறம் கை வைக்கல" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் இறங்கிவிட்டார். வீடு வரும் வரைக்கும் பாய் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

மாமா, நேற்று உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். ஹாரனைக் கேட்டிருக்கிறீர்கள். வைப்பரை, கண்ணாடியை, பஞ்சைக்கூடக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் கேட்கவேயில்லை. ஊரே பிரேக் இன்ஸ்பெக்டர் என்கிறது, நீங்கள் மட்டும் வெறும் இன்ஸ்பெக்டர் என்று எழுதுகிறீர்கள்.

நான் கேட்கப் போவதில்லை. நீங்களாக எழுதுவீர்கள் என்று காத்திருக்கிறேன்.

யுவராணி

*

கம்பம்,
18.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே சுகம். நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. போன் செய்து கேட்டதில் உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஜெபஷீலா சிஸ்டர் சொன்னார்கள்.

ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டது. நம் ஆட்கள் ஜேசுராஜ் அண்ணன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். நம் ஜீப் புதுப் பெயின்ட்டோடு வீட்டு முன்னால் நிற்கிறது. செப்டம்பர் ஒன்றுக்குள் வராவிட்டால் நடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வாங்க வேண்டிய கையெழுத்தையெல்லாம் வாங்கிவிட்டேன். ஆனால் அந்தப் பதினோரு பேர் முன்னால் எந்த முகத்தோடு ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்துவேன்?

யுவராணி

*

மீட்பு இல்லம்,
24.8.2025

ராணிக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா?

பிரேக்கில் ஒரு குற்றமும் இல்லை. நான் மிதிக்கவே இல்லை.

அன்றைக்கு மேலே காய் எடை போட நேரமாகிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போய்க் குடித்தேன். நான்கு மணிக்கு அவர்களை ஏற்றினேன். வளைவு வருவது கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை. சுவரில் இடித்து நின்றதும் பின்னால் கதறுகிறார்கள், என் வாயில் முதலில் வந்த வார்த்தை பிரேக். நீ ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். அப்புறம் அதை உன் கையிலிருந்து பிடுங்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மூன்று வாரம் நீ எனக்காகத் தெருவில் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அது தாங்காமல்தான் இங்கே ஓடிவந்தேன். உன் பேச்சைக் கேட்டு வந்ததாக நீ நினைத்து மகிழ்ந்தாய். அதையும் மறுத்துச் சொல்லவில்லை.

எஃப்.சி.க்குக் காட்டப் போகிறேன் என்று நீ எழுதிய அன்றே தெரியும், அந்த ஜீப் உன்னிடம் சொல்லிவிடும் என்று. உன் கடிதம் ஒவ்வொன்றும் வரும்போது சந்தோஷமாகவும் இருந்தது, பிரிக்கப் பயமாகவும் இருந்தது. இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டு. முத்துப்பேச்சி அக்காவுக்கு முதலில்.

தங்கப்பாண்டியன்

*

கம்பம்,
6.9.2025

மாமாவுக்கு,

நானும் ஹேமாவும் சுகம். சாப்பிடுகிறேன். கடிதம் வந்த அன்று சாப்பிடவில்லை.

கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தத் தண்ணீர் வாளி உங்கள் மேல்தான் விழுந்திருக்கும். குடித்ததைக்கூட விடுங்கள். என்னைத் தெருவில் நிறுத்திப் பொய்க்குச் சண்டை போட வைத்தீர்களே, அதுதான் ஆறவில்லை.

மறுநாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு முத்துப்பேச்சி அக்கா வீட்டுக்குப் போனேன். நாத்தனாரும் இருந்தார்கள். முதலில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் வாசித்தேன். நான் மிதிக்கவே இல்லை என்ற இடம் வந்ததும் அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள்.

"தெரியும் ராணி" என்றார்கள். "நான் அவருக்குப் பின்னாடிதான ஒக்காந்துருந்தேன். ஏறும்போதே வாடை வந்துச்சு."

"அப்ப ஏன்க்கா எல்லாரும் பிரேக்குன்னு சொன்னீக?"

"நீ ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு, எங்க மாமா குடிக்கல, பிரேக்குதான் பிடிக்கலன்னு கத்துன. ஒன் மொகத்தப் பாத்தோம். எங்களுக்கு வேற என்னத்தச் சொல்ல வரும், சொல்லு? பதினோரு பேரும் பிரேக்குன்னுட்டோம்."

கால் முறிந்து ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர்கள் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்கள் மாமா. நான் ஒருத்தி நம்பிக்கொண்டிருப்பதற்காகப் பதினோரு பேர் ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் மட்டும்தான் பொறுக்க முடியாமல் திறந்தார்கள், அவர்களைத்தான் நான் ஏசினேன். அங்கனயே உட்கார்ந்து அழுதேன். அக்கா அழவிட்டுவிட்டு, "ஜீப்ப யாரு ஓட்டப் போறது? நீ ஓட்டுறதா இருந்தா நான் வாரேன்" என்றார்கள்.

செப்டம்பர் ஒன்று, காலை ஆறு மணி. ஸ்டியரிங்கில் நான். பக்கத்து சீட்டில் முத்துப்பேச்சி அக்கா. பலகை சீட்டை நான் திரும்ப மாட்டவில்லை. அதனால் முதல் நடை ஆறு பேர், ஏழரைக்கு இரண்டாம் நடை ஐந்து பேர். பதினெட்டு வளைவுக்கும் ஹாரன் அடித்தேன். அந்தச் சுவரில் புது சிமென்ட் பூசிய இடம் வந்ததும் பின்னால் எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பிரேக்கை மிதித்து, ஆள் நடக்கிற வேகத்தில் திருப்பினேன். தாண்டியதும் யாரோ களுக்கென்று சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். மேலே போய் இறங்கிப் பார்த்தால் கீழே நம் ஊர் முழுக்கத் தெரிகிறது. இத்தனை வருஷம் இதை நீங்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

நீங்கள் வந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். அந்த ஆசையை விட்டுவிட்டேன். ஜீப்பை இனி நான்தான் ஓட்டுவேன். வீட்டுக்கு வாருங்கள், வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் நேராக வீட்டுக்கு வராதீர்கள். ஸ்டாண்டுக்கு வாருங்கள். உங்கள் கடிதத்தை நான் பதினோரு பேரில் ஒருத்தருக்குத்தான் வாசித்திருக்கிறேன். மிச்சப் பத்துப் பேருக்கும் உங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

யுவராணி

*

மீட்பு இல்லம்,
22.10.2025

அன்புள்ள ராணிக்கு,

நான் நலம். நீயும் ஹேமாவும் அப்படியே இருக்க வேண்டும்.

இருபத்தெட்டாம் தேதி என்னை அனுப்புகிறார்கள். அன்று முதல் பஸ்ஸில் கிளம்பினாலும் ஆறு மணிக்கு வந்து சேர முடியாது, அதனால் முந்தின நாளே கம்பம் வந்து பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் தங்கிக்கொள்ள சிஸ்டர் அனுமதி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இருபத்தெட்டு காலையில் ஆறு மணிக்கு ஜீப் ஸ்டாண்டில் நிற்பேன். முதல் நடை ஆறு பேருக்கும் சொல்லிவிட்டு அங்கேயே இருப்பேன். ஏழரைக்கு மிச்சப் பேர் வந்ததும் அவர்களுக்கும் சொல்வேன்.

அதற்கு அப்புறம் அவர்கள் ஏறச் சொன்னால், அன்று ஒரு நாள் நானும் மலைக்கு வந்து ஏலக்காய் மூட்டை தூக்குகிறேன். முத்துப்பேச்சி அக்கா அன்றைக்கு இரண்டாம் நடையில் வருவார்களா என்று கேட்டு வை. அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

தங்கப்பாண்டியன்